அம்மா நடக்கக் கட்டிய குளம்

போன வாரம் நம்மில் ஒருவன் ஓசூரில் அடுக்குமாடி வீடு வாங்கி, கீழே இருக்கும் நீச்சல் குளத்தைப் படம் எடுத்துக் நம் பள்ளிக் கூட்டாளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். பிள்ளைகளோடு வாங்கடா என்று அழைப்பு வேறு. அதற்குக் கீழே இன்னொருவன் என்னைச் சுட்டி, "இவங்க வூட்ல அந்தக் காலத்துலயே ஸ்விம்மிங் பூல் இருந்துச்சுடா" என்று எழுதினான். வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். நானும் ஒரு பொம்மை போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நமக்கு முப்பது தாண்டி இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது. ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவனுக்கு இடுப்பு வலி, ஒருவனுக்குச் சர்க்கரை. வீட்டில் முதலில் படித்தவன் என்று சொல்லிச் சொல்லியே நம்மை எல்லோரும் சீக்கிரம் பெரிய மனிதர்களாக்கிவிட்டார்கள். தங்கச்சி கல்யாணம், தம்பி படிப்பு, அப்பாவின் கண் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நாம்தான். எனக்கு அசதியாக இருக்கிறது. அந்தக் குளத்தை வைத்து இருபது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று உங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருக்க மாட்டேன்.

அது அம்மாவின் முழங்காலுக்காகக் கட்டியது.

ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வராத காலம் அது. ஃபுளோரைடு கலந்த போர்த் தண்ணீரைத்தான் குடித்தோம். நம் எல்லோர் பல்லிலும் பழுப்புக் கோடு விழுந்திருந்ததே, அதே தண்ணீர் பெரியவர்களுக்கு எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. மாட்டுக்கு முன்னால் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பால் கறப்பாள். எழும்போது மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவாள். மாடும் அவள் எழும்வரை அசையாமல் நிற்கும்.

அப்பா பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். ஒரு தடவை அம்மாவை அங்கே கூட்டிப்போய், வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் காட்டினார். ஊசி, மாத்திரை எல்லாம் எழுதிவிட்டு அவர் கடைசியில் ஒன்று சொன்னாராம். இடுப்பளவு தண்ணீரில் தினமும் அரைமணி நேரம் நடக்க விடுங்கள், உடம்பின் கனம் மூட்டில் இறங்காது, நாளாக ஆக மடங்கும். இப்படியே விட்டால் இன்னும் ஐந்து வருடத்தில் எழுந்து நடப்பது கஷ்டம்.

அப்பா அப்போது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நீச்சல் குளத்துக்குத்தான் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன மாதிரித் தண்ணீருக்கு அப்பா தன் கையாலேயே அளந்து குளம் கட்டுகிறார். வேலை முடிந்து தண்ணீர் விட்ட அன்று, ஒரே ஒரு மணி நேரம் என் வீட்டுக்காரியை நடக்க விடுவீர்களா என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். மேஸ்திரி நல்ல ஜோக் கேட்டதுபோலச் சிரித்தாராம்.

மறுநாள் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

"கொளம்னா என்ன பெரிய கொளம்," என்றார் அம்மாவிடம். "குழி, செவுரு, பூச்சு, தண்ணி. எல்லாம் என் கைதான பண்ணுது. இனிமே உனக்குப் பண்ணட்டும்."

"ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிச்சா பல்லுதான தெரியும். அதான் நம்மூரு பல்லு எல்லாருக்கும் தெரியுமே."

முதல் வேலை குழி தோண்டுவது என்று நினைத்தேன். இல்லை. அப்பா அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, "காலத் தூக்கு பாக்கலாம்" என்றார். அம்மா தூக்கினாள். "வலிக்காம எவ்ளோ வருதோ அவ்ளோதான் தூக்கோணும்." அம்மா காலைக் கொஞ்சம் இறக்கினாள். அப்பா குனிந்து அவள் குதிகாலுக்குக் கீழே சாக்பீஸால் கோடு போட்டார். என் சாக்பீஸ்தான், வகுப்பிலிருந்து எடுத்து வந்தது. தரைக்கும் கோட்டுக்கும் நடுவில் அப்பாவின் விரல் நான்கை அடுக்கினால் சரியாக இருந்தது. குளத்துக்குள் இறங்கும் படிகள் எல்லாம் அந்த நான்கு விரல் உயரம்தான். நான் ஓசூரில் எத்தனையோ கட்டடம் ஏறி இறங்கிவிட்டேன். அவ்வளவு தாழ்வான படியை எங்கும் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்கும் வேலிக்கும் நடுவில் குழி எடுத்தோம். இருபது அடி நீளம், பத்தடி அகலம். மேலே செம்மண், இரண்டடிக்குக் கீழே சரளை. கடப்பாரை பட்டால் நெருப்புப் பறக்கும். பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "அது முனியப்பன் நடக்கற தடம்டா" என்றார்.

"ஓரமா நடந்து போவச் சொல்லுண்ணா," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

ஒரு மாதம் ஆயிற்று. அப்பா கல் கட்டினார், நான் பள்ளி விட்டு வந்து ஜல்லி அள்ளிப் போட்டேன். மட்டம் பார்ப்பதற்கு ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, அப்பா மறுமுனையோடு எதிர்ச் சுவரில் நிற்பார். தண்ணீர் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நிற்கும். "அசையாத, மூச்சுக்கூட உடாத" என்பார். என் வாழ்க்கையில் அப்பாவும் நானும் ஒரே காரியத்தை அவ்வளவு கவனமாகச் செய்தது அப்போதுதான். உள்சுவருக்கு இரண்டு கை சிமெண்ட் பூச்சு, அதன்மேல் நீர்க்கக் கரைத்த சிமெண்ட் பால். படிகளுக்கு மட்டும், பெங்களூரில் உடைந்துபோன டைல்ஸ் துண்டுகளைச் சாக்கில் கட்டி வந்து ஒட்டினார். நீலத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அந்தப் படிகளில் இருந்தன. படியை ஒட்டிப் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் குழாய். தண்ணீரைச் சுத்தம் பண்ண, பழைய டிரம்மில் மணலும் கரியும் போட்டுச் சின்ன மோட்டாரோடு இணைத்தார். அது ஓடும்போது கொட்டகையில் மாடு மிரண்டு மிரண்டு பார்க்கும்.

அதுவரை ஊர் சும்மா சிரித்துக்கொண்டிருந்தது. நீங்களும்தான். 'கொளத்தான்' என்று பெயர் வைத்தது நீங்கள்தானே. தண்ணீர் விட ஆரம்பித்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

எங்கள் போர் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பங்கு. ஒரு நாள் அவர் முறை, ஒரு நாள் எங்கள் முறை. அந்தக் கோடையில் தெருக் குழாயில் நான்கு நாளுக்கு ஒருதரம்தான் வந்தது. மும்முனைக் கரண்ட் வரும் நேரத்துக்குத் தெருப் பெண்கள் குடத்தோடு எங்கள் போர் வாயில் வந்து நிற்பார்கள். யார் முறையானாலும் அவர்கள் பிடித்த பிறகுதான் வாய்க்காலுக்கு விடுவோம். யாரும் பேசி வைத்ததல்ல, அப்படித்தான் நடந்து வந்தது. அப்பா எங்கள் முறை நாளில் போர் வாயில் ஹோஸ் மாட்டி நேராகக் குழிக்கு விட்டார். போர் முக்கால் மணி நேரம் இறைக்கும், அப்புறம் காற்றுதான் வரும். இப்படிப் பத்து நாள் ஆயிற்று, எங்கள் முறை மட்டும் ஐந்து நாள்.

பெண்கள் முதல் நாள் வந்து ஹோஸைப் பார்த்துவிட்டு நின்றார்கள். "இன்னைக்கு இல்லீங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி. "நாளைக்கு அண்ணன் முறை, நாளைக்கு வாங்க," என்றார் அப்பா. அவர்கள் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த எங்கள் முறைக்கும் வந்தார்கள். நின்றார்கள். போனார்கள். உங்களில் மூன்று பேருடைய அம்மாக்கள் அதில் இருந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினேன். மறுநாள் பள்ளியில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நிரம்பியதும் அப்பா ஒரு கவலையைச் சொன்னார். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும், முதல் தண்ணீரைத் திறந்துவிட்டு இரண்டு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும், பெங்களூரில் அப்படித்தான் செய்வார்கள் என்றார்.

"பத்து நாள் தண்ணியத் தொறந்து உடறதா?" என்றாள் அம்மா. "அப்பறம் இந்த ஊர்ல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பொழங்கறது? வாணாங்க. இதே இருக்கட்டும்."

அப்பா யோசித்தார். பிளீச்சிங் பவுடர் ஒரு கை போட்டுவிட்டு, "சரி, நாளாவட்டத்துல சரியாயிடும்," என்றார். வேலை தெரிந்த மனிதர் தெரிந்தே செய்த ஒரே தப்பு அதுதான்.

வெள்ளிக்கிழமை பூஜை போடுவதாக ஏற்பாடு. வியாழன் காலையில், மாட்டுக்குத் தீனி போட வெளியே வந்தவன், அம்மா குளத்துக்குள் நிற்பதைப் பார்த்தேன். அப்பா மேலே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தாள். முதலில் சுவரைத் தடவித் தடவி. திரும்பும்போது கையை எடுத்துவிட்டாள். நடுக்குளத்தில், எதையும் பிடிக்காமல், அம்மா நடந்தாள். நான்கு நடை. எனக்கு நினைவு தெரிந்து அவள் சாயாமல் நடந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"எடையே இல்லடா எனக்கு," என்றாள் என்னைப் பார்த்து. முகமெல்லாம் சிரிப்பு. "தண்ணிதான் ஒரு மாதிரி வழவழங்குது. சோப்புக் கரைச்ச மாதிரி."

அன்று சாயங்காலம் அவள் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தெருவே வந்திருந்தது. பெண்கள் இடுப்பில் காலிக் குடத்தோடு வந்திருந்தார்கள். அன்று எங்கள் முறை. பூஜை முடிந்ததும் போர் வாயைத் திறப்போம் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு நடுப்படியில், முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். குடும்பத்தில் மூத்த சுமங்கலி பெரியம்மா. அவர்தான் பூவும் ஒரு ரூபாய்க் காசும் தண்ணீரில் போட்டார். பிறகு ஒரு சொம்பு நிறைய கெட்டியாகக் கரைத்த மஞ்சள் தண்ணீரை, "நல்லா நடக்கோணும், ஆத்தா" என்று சொல்லி அம்மாவின் முழங்காலில் ஊற்றினார்.

மஞ்சள், தண்ணீரைத் தொட்டதும் சிவந்தது.

அம்மாவின் முழங்காலைச் சுற்றித் தண்ணீர் சிவப்பாகச் சுழன்று, நீலத் துண்டுகள்மேல் இறங்கி, அடுத்த படிக்குப் போனது. பெரியம்மா சொம்பைப் போட்டுவிட்டுக் கத்தினார். பின்னால் எல்லோரும் கத்தினார்கள். அப்பா சட்டை வேட்டியோடு குதித்து அம்மாவைத் தூக்கி மேலே கிடத்தினார். முழங்காலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். காயம் எதுவும் இல்லை.

"தடம்னு சொன்னனே," என்றார் பெரியப்பா. "கேட்டியா? ஓரமாப் போவச் சொன்ன இல்ல?"

"முனி ரத்தங் காட்டிடுச்சு," என்றது ஒரு குரல். அதற்கப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். அப்பாவின் முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஆதரவாகப் பேச அங்கே யாரும் இல்லை. கடைசியில் அவர் கண் என்மேல் நின்றது.

"நீ படிக்கறவன். உம் புஸ்தகத்துல இதப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதாடா?"

போட்டிருந்தது. மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி, சோப்புத் தண்ணீரிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் சிவப்பாக மாறும். அதற்கு முந்தின மாதம்தான் அறிவியல் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு மஞ்சள் தடவிய தாளைச் சோப்பில் நனைத்துக் காட்டச் சொன்னார். நீங்கள் கை தட்டினீர்கள். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும் என்று அப்பாவே சொன்னதும் எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் விடை. அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் விடை தெரியும் என்று நினைத்தேன்.

கூட்டத்தைப் பார்த்தேன். உங்கள் அம்மாக்கள் குடத்தோடு நின்றார்கள். இந்தக் குளம் இன்றோடு ஒழிந்தால் திங்கட்கிழமை எனக்கு நீங்கள் மறுபடியும் கூட்டாளிகள்.

"இல்லப்பா," என்றேன்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மறுகேள்வி கேட்கவில்லை. என் படிப்பின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்கே சேவல் அறுத்தார்கள். சேவல் இரத்தத்தை அப்பாதான் நான்கு மூலையிலும் தெளித்தார். மறுநாள் குளத்தின் அடியில் வைத்திருந்த வடிகால் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் இரண்டு நாள் வேலியோரம் ஓடியது. தோண்டிப் போட்டிருந்த செம்மண்ணை அவர் ஒருவராகவே திரும்ப அள்ளிக் கொட்டினார். படிகளை மூடும்போது மட்டும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளிப் போட்டார். நான் உதவிக்குப் போனேன். "நீ படி, போ" என்றார். பத்து நாளில் பெங்களூர் போய்விட்டார். அதன்பிறகு சுவருக்கு, சமையலறைக்கு, எதற்கு வேண்டுமானாலும் டைல்ஸ் ஒட்டினார். நீச்சல் குளம் என்றால் போக மாட்டார்.

டாக்டர் ஐந்து வருடம் சொல்லியிருந்தார். அம்மா ஏழு வருடம் தாங்கினாள். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் இருக்கும்போது அவளால் கட்டிலிலிருந்து தானாக எழ முடியாமல் போனது. இப்போது காலையில் அப்பா தூக்கி நாற்காலியில் வைக்கிறார். அவருக்கும் முடியவில்லை. வார விடுமுறைக்குப் போகும்போது நான் தூக்குகிறேன். தூக்கும்போதெல்லாம் அந்த 'இல்லப்பா' நெஞ்சில் வந்து நிற்கும். இருபது வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

போன வாரம் உங்கள் பொம்மைகளைப் பார்த்த பிறகு தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து ஊருக்குப் போனேன். அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தரையில் அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நிறங்காட்டி, சுண்ணாம்பு, அப்பா கேட்டது, நான் பொய் சொன்னது. சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அம்மா கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். கடைசியில் சிரித்தாள்.

"ஏஞ் சாமி, ஆலத்தி எப்பிடிக் கரைக்கறாங்கன்னு நெனைச்ச? மஞ்சத் தண்ணியில துளியூண்டு சுண்ணாம்பு. கண்ணாலத்துக்குக் கண்ணாலம் அதத்தான கரைக்கறோம். ஒங்க வாத்தியாரு சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா?"

"அப்ப பெரியம்மாவுக்கு?"

"எனக்கு ஆலத்தி எடுத்தவளே அவதான."

"அங்க நின்னவங்களுக்கு?"

"பொம்பளைங்க அத்தன பேத்துக்குந் தெரியும். மொதல்ல கத்துனது பயத்துலதான். நானுந்தான் பயந்தன். ஒரு மூச்சு நேரம். அப்பறம் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்தோம். அவ்ளோதான்."

"ஏம்மா சொல்லல?"

"இடுப்புல காலிக் கொடம் வெச்சிக்கிட்டு நிக்கறாளுங்க. பத்து நாளா ஒருத்தியும் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல. அவளுங்க எதுத்தாப்புல நான் தெனமும் அதுல எறங்கி நடக்கறதா? கேட்டிருந்தாங்கன்னா சண்ட போட்டிருப்பன். கேக்கலியே."

"அப்பாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன ஆவும்? ஊர்ல ஒருத்தர் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டாரு. கூடப் பொறந்த அண்ணன் வாசப்படி மிதிக்க மாட்டாரு. முனி மேல கோவமோ பயமோ இருந்தா முனி தாங்கிக்கும். நாம இங்கதான குடியிருக்கோணும்?"

நான் அவள் முழங்காலைப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"வலிக்குதுதான். ராவும் பகலும் வலிக்குது. வலிக்கறப்ப ஒங்க பெரியம்மாவ மனசுக்குள்ள நாலு வார்த்த திட்டுவன். இப்ப அவளுக்கும் முட்டி மடங்கல, பாவம்." கீரையை என் பக்கம் தள்ளினாள். "அழுதது போதும், இத அலசிட்டு வா."

இதை நான் எழுதலாம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் அம்மாக்களிடம் இதைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டால் அவர்களுக்கும் கஷ்டம்.

நான் கீரை அலசிக்கொண்டிருக்கும்போது அப்பா அரிசிப் பையோடு வந்தார். பையை இறக்கிவிட்டு, முகம் கழுவி, சட்டையில்லாமல் வீட்டுக்குப் பின்னால் போனார். குளம் இருந்த இடத்தில் முனியப்பனுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அதன்முன் கற்பூரம் ஏற்றுவார். என் பெண்டாட்டியின் காலை விட்டுவிடு என்றுதான் வேண்டுவார் போலிருக்கிறது. மூன்று தீக்குச்சி கிழித்தார். மூன்றும் அணைந்தன.

அம்மா நாற்காலியில் இருந்தபடியே ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"காத்தடிக்குதுங்க. கைய மறச்சிப் பத்த வைங்க."

அப்பா நான்காவது குச்சியை எடுத்தார். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய், காற்று வரும் பக்கமாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.